உரிமமும் உற்பத்தித் திறனும்: சுகோய்-27இன் இரு வழித்தோன்றல்கள்

சீனப் போர் விமானங்கள் ருஷ்ய விமானங்களின் வெறும் நகல்களே என்பது பரவலான கூற்று. வரலாற்று நோக்கில் இதனை நாம் ஏற்பதற்கில்லை.

சுகோய்-27இன் மூலமாதிரி 1977இல் சோவியத் யூனியனில் முதன்முதலாகப் பறந்தது. அவ்வொன்றியம் சிதைந்தபின், நிதி நெருக்கடியுற்ற ருஷ்யா, 200 விமானங்களைப் பொருத்தியெடுக்கும் உரிமத்தை 1996இல் சீனாவுக்கு விற்றது. ஷென்யாங் ஆலையில் அவை ஜே-11 எனப் பெயர்பெற்றன. ஆயின் எஞ்சினும் ராடரும் ருஷ்யாவிலிருந்தே வந்தன. ஏறத்தாழப் பாதியளவில் அவ்வேற்பாடு நின்றுபோகவே, சீனா சொந்த ராடருடன் ஜே-11பியை உருவாக்கிற்று. அதற்கெனச் செய்யப்பட்ட தைஹாங் எஞ்சின் நம்பகம் பெறப் பல்லாண்டுகள் சென்றன.

ருஷ்யாவோ தன் மரபை வளர்த்து, உந்துவிசையின் திசையை மாற்றவல்ல எஞ்சின்கள் கொண்ட சுகோய்-35ஐ 2008இற் பறக்கவிட்டது. அத்தகைய எஞ்சின் அன்று சீனப் படையிடம் இருக்கவில்லை. 2015இல் 24 விமானங்களை அது வாங்க உடன்பட்டது. மறுபுறம், சீனாவின் ஜே-16 தாங்கும் ராடர், சுகோய்-35இன் ராடரினும் புதிய தலைமுறையைச் சார்ந்தது.

இம்முரண் தற்செயலானதன்று. வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். உயர்வெப்பந் தாங்கும் உலோகத்தை வார்க்கும் தொழிலாளரின் நீண்டகாலத் தேர்ச்சியை அவ்வாறு வாங்கவியலாது. மின்னணுத் தொழிலில் விரைந்தும் உலோகத் தொழிலில் தாமதித்தும் சென்ற சமனற்ற வளர்ச்சியே அவ்விமானங்களிற் பதிந்துள்ளது. எனவே, நகலா அசலா என்பதினும், எவ்வுழைப்பு எங்கே, எந்நிலைமைகளில் தேர்ச்சியுற்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.