மார்த்தாண்டம் வட்டாரத் தேனீத் தாவரங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்தைச் சுற்றிப் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீக்களுக்கு மதுவும் மகரந்தமும் தரும் மரஞ்செடி கொடிகள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. அது பூவில் ஊறியதன்று.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரி வாக்கில் இலையுதிர்த்துத் துளிர்க்கிறது. இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் இளசாக இருக்கும் சில வாரங்கள் அவற்றில் இனிப்பு நீர் கசியும். இலை முற்றியதும் நின்றுவிடும். பிப்ரவரி, மார்ச்சில் தேன் எடுப்பது இதனால்தான். புட்டியில் பூப்படம் ஒட்டி விற்பவர்கள் தளிரின் படத்தை ஒட்டியிருக்கலாம். அந்த வாரங்களில் மழை பெய்தால் சுரந்தது கழுவிப் போகும். சாம்பல் நோய் கண்டு தளிர் உதிர்ந்தாலும் வரத்து குறையும்.

இலைச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. புழுக்களுக்கு ஊட்ட வேண்டிய புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. ஆகவே ரப்பர் மட்டுமே நிற்கும் இடத்தில் தேன் இருந்தும் கூட்டம் பெருகாது. இக்குறையைத் தீர்ப்பது பெரும்பாலும் தென்னை. ஆண்டு முழுவதும் பாளை வெடிப்பதும், ஒரே பாளையில் ஆண்பூக்கள் ஏறத்தாழ மூன்று வாரம் அடுத்தடுத்து விரிவதும் அதன் சிறப்பு. தோட்டத்தில் களையென்று செதுக்கப்படும் தொட்டாற்சுருங்கியும் காலை வேளையில் தாராளமாக மகரந்தம் தருகிறது. தேனீ வளர்ப்பவர் அதைக் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. வேலியில் படரும் கொடிரோஸ், வீட்டு முருங்கை, கோடையில் பூக்கும் வேம்பு, புங்கம், புளி ஆகியவை துணைத் தாவரங்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பஞ்சகாலம். பூக்கள் நனைந்து கிடக்க, தேனீக்களும் வெளியே போக முடியாது. உணவு குறைந்தால் இந்தியத் தேனீ கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும் என்பதால் பெட்டிக்குள் சீனிப்பாகு வைக்கிறார்கள்.

முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவரச் சுமார் மூன்று வாரமும், அது வெளியே சென்று இரைதேட மேலும் இரண்டு மூன்று வாரமும் ஆகும். எனவே ரப்பர் துளிர்க்கையில் பெட்டி நிறைந்திருக்க வேண்டுமானால், ராணி நவம்பர், டிசம்பரிலேயே மும்முரமாக முட்டையிட வேண்டும். அப்போது ரப்பரில் எதுவும் கிடைக்காது. தென்னையும் வேலியோரச் செடிகளும் அருகில் உள்ள பெட்டிகளே முந்திக்கொள்கின்றன.