முதுமை மறதி: பாட்டியின் பதற்றத்தை அக்குபஞ்சர் தணிக்குமா?

மாலை 6 மணி. பாட்டி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்கிறார். அவர் நிற்பது 30 ஆண்டாக அவர் வாழும் வீவக வீட்டின் வரவேற்பறையில்தான். "இதுதானே பாட்டி நம்ம வீடு?" என்று நீங்கள் சொன்னதும் அவருக்குக் கோபம் வருகிறது. கதவைப் பிடித்து உலுக்குகிறார். இரவு 2 மணிக்கு மறுபடியும் அதே கதை.

முதுமை மறதி நோய் உள்ளவரோடு வாழ்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குப் புதிதல்ல. இப்படி ஒரு நாளில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "சீன மருத்துவர்கிட்ட காட்டுங்களேன், அக்குபஞ்சர் செஞ்சா அமைதியாயிடுவாங்களாம்" என்று சொல்லியிருக்கலாம்.

செஞ்சு பார்க்கலாமா?

மறதியைவிட அதிகம் படுத்துவது

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட 11 பேரில் ஒருவர்.

பெயரிலேயே மறதி இருப்பதால் நாம் மறதியை மட்டுமே நினைக்கிறோம். குடும்பத்தைக் களைப்படைய வைப்பது பெரும்பாலும் வேறு. ஓயாமல் நடப்பது, கத்துவது, அடிக்க வருவது, "என் நகையை எடுத்துட்டாங்க" என்று பணிப்பெண்மீது பழி சொல்வது, இரவெல்லாம் விழித்திருப்பது, இல்லாத ஒருவரைப் பார்ப்பது, அல்லது எதிலுமே நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. மருத்துவர்கள் இவற்றை நடத்தை, உளவியல் அறிகுறிகள் என்கிறார்கள். நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றில் ஒன்றாவது ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். பல குடும்பங்கள் தாதிமை இல்லத்தை நினைக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

மாத்திரை இருக்கே?

இருக்கு. ஆனால் அதில் ஒரு சிக்கல். மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் முதுமை மறதி உள்ளவர்களின் பதற்றத்துக்கும் தரப்படுகின்றன. 2005இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அவற்றுக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. சுமார் 10 வாரம் நீடித்த சோதனைகளில் மருந்து எடுத்த முதியவர்களில் ஏறத்தாழ 4.5 விழுக்காட்டினர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 2.6 விழுக்காடு. லூயி பாடி என்ற வகை முதுமை மறதி உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் இன்னும் மோசமாக ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அதற்காக மாத்திரையே கூடாது என்று அர்த்தமில்லை. பாட்டி தனக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்கும் நிலை வந்தால், மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பார். ஆனால் முதலில் மருந்தில்லாத வழிகளைப் பாருங்கள் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. அக்குபஞ்சர் இந்தப் பேச்சுக்குள் வருவது அந்த வழியாகத்தான்.

ஊசியும் விரலும்

பாரம்பரியச் சீன மருத்துவத்தில் 'ச்சி' என்ற உயிராற்றல் உடலில் பாதைகளாக ஓடுகிறது. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் புள்ளிகளில் உச்சந்தலையில் உள்ள பாய்ஹுயும், மணிக்கட்டில் உள்ள ஷென்மென், நெய்குவான் ஆகியவையும் அடங்கும். நவீன ஆய்வாளர்கள் ச்சி பற்றிப் பேசுவதில்லை. ஊசி நரம்புகளைத் தூண்டுவதால் வலியும் பரபரப்பும் குறையலாம் என்பது அவர்களின் ஊகம்.

ஊசி மெல்லியது, வலியும் குறைவு. ஆனால் வழக்கமாக 20, 30 நிமிடம் அதை உடம்பில் விட்டுவைப்பார்கள். வரவேற்பறையில் 2 நிமிடம் நிற்காத பாட்டி 20 நிமிடம் அசையாமல் படுப்பாரா? தாதிமை இல்லங்களில் நடந்த ஆய்வுகள் பல, ஊசிக்குப் பதிலாக அதே புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷரை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் பலனை இன்னொன்றின் கணக்கில் எழுதக்கூடாது.

ஆய்வுகள் சொல்வது

2009இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. 6 சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகள், 133 முதியவர்கள். ஒரு கட்டத்தில் அக்குபிரஷர், இன்னொன்றில் மாண்டிசோரி பாணி நடவடிக்கைகள், மற்றொன்றில் ஒருவர் சும்மா பக்கத்தில் இருப்பது. சும்மா இருந்ததைவிட மற்ற இரண்டிலும் பதற்றம் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பலன் தந்தது அந்தக் குறிப்பிட்ட புள்ளியா, அன்பாக ஒருவர் கையைத் தொட்டதா? இதைப் பிரித்தறியப் போலிப் புள்ளிகளில் அழுத்தியோ குத்தியோ ஒப்பிட வேண்டும். அதைச் சரியாகச் செய்வது கடினம், காரணம் சிகிச்சை தருபவருக்கு எது நிஜம், எது போலி என்று தெரியும்.

ஊசியைப் பொறுத்தவரை ஆதாரம் இன்னும் மெலிவு. மூளை ரத்தநாளப் பாதிப்பால் வரும் முதுமை மறதிக்கு அக்குபஞ்சர் உதவுமா என்று 2007இல் காக்ரேன் அமைப்பு அலசியது. அதன் தர அளவுகோலில் தேறிய சோதனை ஒன்றுகூட இல்லை. அதன்பின் ஆய்வுகள் பல வந்தாலும் பெரும்பாலானவை சிறியவை.

ஆக, சிலரைக் கொஞ்சம் அமைதிப்படுத்தலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். நினைவு திரும்பிவிடும், நோய் நின்றுவிடும் என்று யாராவது உறுதி சொன்னால், கும்பிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன், "வலிக்குதா பாட்டி?"

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது.

2011இல் நார்வேயில் 18 தாதிமை இல்லங்களில் 352 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாரும் முதுமை மறதியோடு பதற்றமும் உள்ளவர்கள். ஒரு பாதியினருக்கு 8 வாரம் முறையாக வலி நிவாரணம் தரப்பட்டது. பெரும்பாலோருக்கு வெறும் பாரசிட்டமால்தான். அவர்களின் பதற்றம் 17 விழுக்காடு குறைந்தது. அந்தக் கத்தலில் ஒரு பகுதி வலியின் கத்தல். சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதுமை மறதி முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. ஆங்கிலமும் மலாயும் பேசிய பாட்டி தமிழுக்கு மட்டும் திரும்பிவிடலாம். பகலெல்லாம் கூட இருக்கும் பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பாட்டி "குடையுது" என்கிறாரா, "குத்துது" என்கிறாரா, "எரியுது" என்கிறாரா? தமிழில் இவை மூன்றும் வேறு வேறு வலி. "கடுக்குது" என்று சொல்லிக் கழிவறைக்கே போய் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். முதியவர்களிடம் திடீர்க் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். மருந்தகத்தில் "பெய்ன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் இதை விளக்கக்கூடியவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

ஒரு வாரம் கைப்பேசியில் குறித்து வையுங்கள். பதற்றம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யார் கூட இருந்தார், எப்படி அடங்கியது. மலச்சிக்கலா, பல்செட் உறுத்துகிறதா, காது கருவியில் பேட்டரி தீர்ந்ததா, புதிதாக மாத்திரை ஏதும் சேர்ந்ததா என்றும் பாருங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்றால் வாதாட வேண்டாம். "எந்த வீடு பாட்டி? அங்க யாரெல்லாம் இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்க. சில நாள் கதவு மறந்துவிடும். ரொம்ப முடியவில்லையென்றால் டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் உதவி எண் 6377 0700.

சரி, போய்த்தான் பார்ப்போம் என்றால்

முதலில் வழக்கமான மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் பாய்ச்சும் வகை அக்குபஞ்சர் வேண்டாம். இருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிங்கப்பூரில் அக்குபஞ்சர் செய்பவர் பாரம்பரியச் சீன மருத்துவர் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். மலேசியாவில் இதற்கு 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது.

பாட்டியைக் கேளுங்கள், தமிழில், ஊசியைக் காட்டி. நேற்றுச் சம்மதித்தது இன்றைக்குச் செல்லாது. கையை இழுத்துக்கொண்டால் அதுதான் பதில். பிடித்து அமுக்கிக் குத்த விடாதீர்கள். பதற்றத்தைத் தணிக்கப் போய்ப் பயத்தைக் கொண்டுவந்த கதையாகிவிடும். விரல் அழுத்தம் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

பலன் உண்டா என்று உங்கள் கைப்பேசிக் குறிப்பே சொல்லும். முன்பு வாரத்துக்கு எத்தனை இரவு விழித்தார், இப்போது எத்தனை? ஒரு மாதம் கழித்தும் எண்ணிக்கை அப்படியே இருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இன்னொன்று. எத்தனை ஊசி குத்தினார்கள் என்று ஆரம்பத்திலேயே எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். தலைமுடிக்குள் ஒன்று தங்கிவிட்டால் நமக்கு உறுத்தும், சொல்லிவிடுவோம். பாட்டி சொல்லமாட்டார்.