ஆரியபடர் தந்த பேரெண்

மகாயுகம் ஒன்று 4,320,000 ஆண்டுகளைக் கொண்டதென்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்ட இளைஞருட் சிலர் பெருமிதம் அடைகின்றனர். சிலர் கட்டுக்கதையென நகைக்கின்றனர். இரு சாராரும் அவ்வெண்ணை வகுத்துப் பார்ப்பதில்லை. பார்ப்பின், அது கணிதருக்குக் கைக்கருவியாய் உதவியமை விளங்கும்.

கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் சென்றபோது தமக்கு வயது 23 என ஆரியபடர் தமது ஆரியபடீயத்திற் குறித்துள்ளார். அது கி. பி. 499ஆம் ஆண்டாகும். ஒரு மகாயுகத்திற் பூமி 1,582,237,500 முறை தன்னைத்தானே சுற்றும் என்பது அந்நூலின் கணக்கு. இது விண்மீன்களை நோக்கி எண்ணிய தொகை. அக்காலத்துள் சூரியன் விண்மீன்களிடையே 4,320,000 முறை வலம் வருதலால், அதனைக் கழிக்க எஞ்சுவது நாட்களின் தொகை: 1,577,917,500. அதாவது நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு.

இத்துணைப் பெரிய எண் எதற்கு? ஆண்டின் நீளம் முழு நாட்களில் அடங்காது, பின்னம் எஞ்சும். பெருங்காலம் ஒன்றை அளவாகக் கொண்டால் பின்னம் நீங்கி, முழு எண்களாலேயே கணிக்கலாம்.

ஆண்டுத் தொகை, நாட்டொகை இரண்டையும் 7,500ஆல் வகுப்போம். 576 ஆண்டுகளுக்கு 210,389 நாட்கள் என மீதியின்றி வரும். அதற்குமேல் இரண்டையும் வகுக்கும் பொது எண் இல்லை. எனவே ஓர் ஆண்டு 365 நாளும், ஒரு நாளின் 149/576 பங்கும் ஆகும். நாளொன்று 60 நாழிகை. நாழிகை 60 விநாடி. விநாடி 60 தற்பரை. ஆகவே நாளுக்கு 216,000 தற்பரை. இதனை 576 சரியாக வகுக்கின்றது. ஆதலின் ஆண்டளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை என எச்சமின்றி முடிகின்றது. எண்ணின் அழகு இதுவே.

கடிகாரக் கணக்கில் இது 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 செக்கன். இக்கால வானியலார் கண்ட விண்மீன் ஆண்டோ 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 செக்கன். வேறுபாடு 3 நிமிடம் 20 செக்கனே. ஆயினும் 1,500 ஆண்டுகளில் அது சேர்ந்து மூன்று நாளைக் கடந்துவிடும்.

வாக்கிய பஞ்சாங்கம் ஆரியபட நெறியைத் தழுவியது. திருக்கணிதம் பிற்கால அவதானங்களாற் திருத்தப்பெற்றது. புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வெவ்வேறாகக் கூற, நம் இல்லங்களில் வாதம் எழுவதுண்டு. ஒன்றைப் பழமையென்று போற்றுவதும் மற்றதைப் புதுமையென்று தூற்றுவதும் கணிதமாகா. தம் கணக்கைப் பிறர் சோதித்துப் பார்க்குமாறு முழு எண்களில் வெளியிட்டவர் ஆரியபடர். அவரைப் போற்றும் வழியும் சோதித்துப் பார்த்தலே.

வரும் சித்திரையில் நுரைச்சோலை இளைஞர் வாக்கிய பஞ்சாங்கம் இரண்டினை, சென்ற ஆண்டினதும் புதிய ஆண்டினதும், அருகருகே வைத்து நோக்குவாராக. புத்தாண்டுப் பிறப்பு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் பிந்தியிருத்தலைக் காண்பர். பெரியோர் உடனிருந்து நாழிகைக் கணக்கைக் கற்பிப்பாராக.