பொருநைக் கரைப் பள்ளிகளில் எழுத்தறிவித்த முறை

பொதியமலைச் சாரலினின்று இழிந்து வரும் பொருநையாற்றின் கரையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், ஆனந்தக்கூத்தர் என்பார்க்கும் மயிலம்மையார்க்கும் மகவாய்த் தோன்றியவர் முக்களாலிங்கர். அவர் இளம்பருவத்தே பள்ளியினின்று வீடு திரும்பும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான்மாரைக் கண்டு வணங்கி, அமுது செய்தருளத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர் என்பதும், ஆண்டுத் தம் அன்னையாரின் சிறப்பை வெண்பாவாற் பாடினர் என்பதும் அவர் வரலாறு கூறுவோர் உரைப்பன. அப்பிள்ளையே பின்னாளிற் சிவஞானபோதத்துக்குத் திராவிட மாபாடியம் அருளி, 1785ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்திய மாதவச் சிவஞான யோகிகள். இவ்வரலாற்றைக் கேட்குந்தோறும் அடியார்கள் அவ்வெண்பாவை நினைந்து வியப்பர். பிள்ளை திரும்பி வந்தது ஒரு சிற்றூர்ப் பள்ளியினின்று என்பதை நினைப்பார் சிலரே. பாடும் வன்மை திருவருளின் கொடை. எழுத்தை இனங்கண்டு படிக்கும் வன்மையோ ஒருவர் காட்ட ஒருவர் காண வருவது. அது தமிழ்நாட்டூர்களில் எவ்வாறு காட்டப்பட்டது, அம்முறையிற் கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை என்பன ஆராயற்பாலன.

அக்காலத்துப் பள்ளி என்பது பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுத் திண்ணை. சில ஊர்களிற் கோயில் மண்டபம். சிலவற்றில் மடத்தின் முன்றில். பிள்ளைக்கு ஐயாண்டு ஆனபின் நன்னாள் பார்த்து, மூத்த பிள்ளையாரையும் கலைமகளையும் வழிபட்டு, அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்தலோடு கல்வி தொடங்கும். அதன்பின் பிள்ளைக்கு உரிய முதல் ஏடு மணலேயாம். தரையிற் பரப்பிய மென்மணலில் ஆசிரியர் எழுத்தை வரைவர். பிள்ளை அவ்வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே அதன் ஒலியை உரத்துச் சொல்லும். கண் வடிவையும், செவி ஒலியையும், விரல் வரியின் போக்கையும் ஒருங்கே கொள்ளும். பிழைத்த எழுத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் பிழை மறையும். பொருட்செலவு சிறிதும் இல்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று ஆக 247 எழுத்தும் இவ்வாறு விரலிற் படிந்தபின்னரே பிள்ளையின் கையில் எழுத்தாணியும் பனையோலையும் தரப்பெறும். மஞ்சளும் கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் பூசி எழுத்துத் தோன்றச் செய்த அரிச்சுவடி, எண்சுவடி என்பன அதன் நூல்கள்.

இவற்றையடுத்து ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நெட்டுருச் செய்விக்கப்படும். இவையிரண்டும் நெடுங்கணக்கு வரிசையை ஒட்டி அமைந்தவை என்பது நோக்கத்தக்கது. ஒவ்வோர் அடியின் முதலிலும் அடுத்த எழுத்து வந்து நிற்றலின், பிள்ளை அறத்தை மனத்திற் கொள்ளும்போதே எழுத்து வரிசையையும் மனத்திற் கொள்கின்றது. ஆத்தி மாலை சூடிய சிவபெருமானுக்கு உவப்பான பிள்ளையாரை வணங்கித் தொடங்கும் சிறுநூல், வழிபாடும் அறமும் எழுத்துமாகிய மூன்றையும் ஒரு சேரத் தருவதாயிற்று.

படிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதலில் மனப்பாடம் எதற்கு என இக்காலத்தார் வினவலாம். அவ்வினாவிற்கு விடை ஓலையின் இயல்பிலே உள்ளது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது இலக்கண விதியேயாயினும், எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமாகலின், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாதே விடுத்தனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாமல் நின்றன. நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தவர் 1747இல் மறைந்த வீரமாமுனிவர். ஆகவே ஏட்டில் ‘கொல’ என நிற்பதைக் கொல் எனவும், கொல எனவும், கோல் எனவும், கோல எனவும் படிக்க இடமுண்டு. இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கண் தனித்து அறியாது. செய்யுளை முன்னரே செவியிற் கொண்டவனே அறிவான். ஏடு படித்தல் என்பது அறியாததைப் புதிதாய் அறிதல் அன்று, செவி அறிந்ததைக் கண்ணும் அறிதல் என்று ஆயிற்று. எனவே மனப்பாடம் ஆசிரியரின் பிடிவாதத்தால் வந்ததன்று. எழுதுகருவியின் குறையை நிரப்பவந்த துணையாம்.

பள்ளியில் முப்பது நாற்பது பிள்ளைகள் வெவ்வேறு நிலையில் இருப்பினும் ஆசிரியர் ஒருவரே. ஆதலின் முன்னேறிய மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று, இளையோர் விரலைப் பற்றி மணலில் எழுதுவிப்பான். அவர் படித்ததை ஒப்புவிக்கக் கேட்பான். இதன் உட்பொருள் சித்தாந்தம் பயின்றார்க்கு எளிதில் விளங்கும். கண்ணுக்கு ஒளியிருந்தும் உயிர் உடனின்று காட்டினாலன்றிக் கண் காணாது; உயிர்க்கு அறிவிருந்தும் இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உதவினாலன்றி உயிர் அறியாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனச் சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரத்தின்கண் ஆசிரியர்கள் விளக்குவது இதுவே. எழுத்தை எட்ட நின்று சுட்டுவதோடு அமையாது, பிள்ளையின் விரலோடு தன் விரலையும் ஓட்டி உடன் காண்பவனே எழுத்தறிவிப்பவன்.

இம்முறை கடல் கடந்த வரலாறு பலரும் அறியத்தக்கது. ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் பிள்ளைகளுக்கான அனாதைச் சாலையின் மேற்பார்வையை ஏற்றனர். அவர் ஒருநாள் குதிரைமீது செல்லுங்கால், அந்நாளில் ஆங்கிலேயர் மலபார்ப் பள்ளி என வழங்கிய தமிழ்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டனர். தம் சாலையிலும் அவ்வாறே எழுதுவிக்குமாறு பணித்தபோது, கீழ்வகுப்பு ஆசிரியர் அது இயலாதென மறுத்தனர். பெல் அவ்வகுப்பை எட்டு வயதளவான ஒரு சிறுவனிடம் ஒப்புவித்தனர். சிறுவன் அதனை முடித்துக் காட்டினான். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டனர். அந்நாட்டில் 1811இல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென அமைந்த சங்கம் இம்முறையைத் தன் பள்ளிகளிற் பரப்பிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1814ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில், இந்நாட்டுப் பள்ளி முறை இங்கிலாந்திற் கைக்கொள்ளப்பட்டதைத் தாமே குறித்தனர்.

ஆயினும் அங்கே ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டே அனைத்தையும் நடத்த முற்பட்டனர். சிறுவன் தான் அறிந்த ஒலியைத் தருவான். அறியாத பொருளை எங்ஙனம் தருவான்? சில பதிற்றாண்டுகளில் அம்முறை உயிரற்றதாகி, 1846ஆம் ஆண்டு முதல் முறையாகப் பயிற்றப்படும் மாணவ ஆசிரியர் அதன் இடத்தைப் பெறலாயினர். திண்ணையிற் சட்டாம்பிள்ளை ஆசிரியர்க்குத் துணை; அங்கோ அவனே ஆசிரியர்க்குப் பதிலானான். கேட்டின் தோற்றுவாய் இதுவாம்.

இனி, இந்நாட்டுப் பள்ளிகளின் அளவையும் குறையையும் ஒருங்கே காட்டும் சான்று ஒன்றுண்டு. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கெடுக்கப் பணித்தனர். அவ்வாண்டிலேயே திருநெல்வேலிக் கலெக்டரும் தம் மாவட்டக் கணக்கை விடுத்தனர். 1826ஆம் ஆண்டு தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். வீட்டிற் கற்போரையும் சேர்த்தெண்ணின், ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கல்வி பெற்றனர் என்பது மன்றோவின் மதிப்பு. இது பெருமைக்குரியதே. ஆனால் அத்தொகையுட் பெண்பிள்ளைகள் 4,540 பேரே என்பதையும், தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணை ஏறும் உரிமையே இல்லை என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. நந்தனாரையும் கண்ணப்பரையும் நாளும் வணங்கும் நாட்டில் மணலும் ஓலையும் சிலர்க்கு மறுக்கப்பட்டன.

அக்கணக்கெடுப்பில் விரிவான அறிக்கை வரைந்தவர் பல்லாரிக் கலெக்டர் கேம்பெல். மணலில் எழுதுவித்தலையும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தலையும், செலவின் சுருக்கத்தையும் அவர் 1823ஆம் ஆண்டில் மனமாரப் பாராட்டினர். உடனே, பிள்ளைகள் ஓதும் செய்யுளின் மொழி பேச்சு மொழியின் வேறாயிருத்தலின், பொருளறியாமலே கிளிபோல் ஒப்புவிக்கின்றனர் எனவும், தக்க ஆசிரியர் குறைவு எனவும் எழுதினர். அவர் கண்டவை பல்லாரிப் பள்ளிகளேயாயினும், தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கும் இது பொருந்தாதெனல் அரிது. இதனோடு கோதண்டம் முதலிய கொடுந்தண்டனைகளும் சேர்ந்து, அஞ்சிப் படிப்பை விட்டோடிய பிள்ளைகள் பலராயினர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானநெறிக்கு நான்கு படி வகுத்த சைவநூல் மரபில், பள்ளிப்பிள்ளை முதற்படியிலேயே நிறுத்தப்பட்டது இரங்கத்தக்கது.

இக்குறைகள் பொருநைக் கரையில் இரு வழியால் தீரத் தொடங்கின. ஒன்று, பள்ளியின் வாயில் அகன்றமை. 1820ஆம் ஆண்டிற் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் ஆண்டே மறைந்த இரேனியுஸ் என்னும் செருமானியப் பாதிரியார் சிற்றூர்தோறும் பள்ளிகளை நிறுவினர். அவருடைய நோக்கம் மதமாற்றமேயாயினும், திண்ணையிற் புகப்பெறாத குலத்தவரும் பெண்பிள்ளைகளும் அப்பள்ளிகளில் எழுத்தறிந்தனர் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதே பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டளவில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினர். மணலில் எழுத்தை விரலால் அறிந்த நாட்டில், புடைத்த புள்ளிகளைத் தடவிக் கண்ணில்லாரும் நூல் படிக்கலாயினர். கற்பிக்க இயலாத பிள்ளை என ஒருவரைத் தள்ளுதல் தகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மற்றொன்று அச்சு. 1835ஆம் ஆண்டில் அச்சகங்களுக்கு இருந்த தடை நீங்கவே, நூல்கள் பெருகின. 1848ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், மறுவருடம் அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாடு வந்தபோது திருவாவடுதுறையில் நாவலர் என்னும் பட்டம் பெற்றனர். 1850ஆம் ஆண்டையொட்டி அவர் வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள், எளியதினின்று அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் உரைநடைப் பாடங்கள். அச்சிற் புள்ளி உண்டு. குறில் நெடில் வேறுபாடு உண்டு. நிறுத்தக் குறியும் உண்டு. முன்னரே மனப்பாடம் செய்யாத வாக்கியத்தையும் பிள்ளை தானே படித்து, அப்போதே பொருளுணர இடமாயிற்று. பொருளின்றி ஒலியை மட்டும் ஒப்புவித்தற்கு இருந்த காரணம் அன்றே ஒழிந்தது.

ஒழிந்தும் வழக்கம் ஒழியவில்லை. இதுவே பின்வந்த பிழை. புத்தகம் வந்தபின் மணலையும், பாட்டையும், மூத்தோர் துணையையும் பழமையெனக் கழித்தவர்கள், கழிக்கவேண்டிய பொருளறியா நெட்டுருவை மட்டும் கழியாது வைத்துக்கொண்டனர். பக்கத்தைக் கண்ணாற் பாராமலே பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளையைப் படித்த பிள்ளை எனக் கருதுதல் பல பள்ளிகளில் தொடர்ந்தது. அத்தகைய பிள்ளை வேறொரு நூலைத் திறந்தவிடத்துத் திகைத்து நிற்கும். மந்தன் எனப் பழிக்கப்பட்டுப் பள்ளியை விட்டு நீங்கும். வறிய குடியில் இவ்வாறு நீங்கிய பிள்ளை மீண்டு வருதல் அரிது. எழுத்தை அறிவிக்கும் முறையில் நேரும் பிழை ஒருவர் வாழ்நாள் முழுவதையும் இருளாக்குதல் இவ்வாறே.

ட, ப, ம என வடிவால் எளிய எழுத்துக்களை முன்வைத்து, அவற்றாலாகிய பொருளுடைய சொற்களை உடனே படிப்பிக்கும் முறையும் பிற்காலத்துத் தோன்றிற்று. நெடுங்கணக்கு வரிசையே முறை என்பாரும் இதுவே முறை என்பாரும் வாதிடுவர். வரிசை செவிக்கும் நினைவிற்கும் உரியது. வடிவ எளிமை கண்ணிற்கும் கைக்கும் உரியது. வரிசையைப் பாட்டாக ஓதுவித்து, எழுதுதலை எளிய வடிவினின்று தொடங்குதலில் முரண் யாதும் இல்லை.

அண்மையிற் கொள்ளைநோயால் பள்ளிகள் நெடுநாள் அடைபட்டபின், 2021ஆம் ஆண்டிற் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தன்னார்வலர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாலைதோறும் தம் தெருப்பிள்ளைகளை அமர்த்திப் படிப்பித்தனர். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் அறிந்த நிலைக்கேற்பப் பகுத்தது. ஒரே திண்ணையில் ஒருவன் மணலிலும், ஒருவன் அரிச்சுவடியிலும், ஒருவன் நிகண்டிலும் நின்ற பழைய ஒழுங்கின் சாயல் இதிற் காணப்படும்.

ஆதலின் முடிந்த பொருள் இது. விரலால் எழுதி வாயாற் சொல்லுதல், செவியினிக்கும் பாட்டால் நினைவிலிருத்துதல், மூத்தோர் உடனிருந்து காட்டுதல் என்னும் மூன்றும் திண்ணை தந்த செல்வம், கொள்ளத்தக்கன. அச்சமும், பொருளறியா நெட்டுருவும், குலங்கருதி வாயிலடைத்தலும் அதன் குற்றம், தள்ளத்தக்கன. கேட்டலோடு நில்லாமல், படித்த ஒவ்வொரு சொல்லையும் பிள்ளை சிந்திக்கவும் தெளியவும் உடனின்று காட்டுவோரே எழுத்தறிவித்தவர் என்னும் பெயர்க்கு உரியர். முக்களாலிங்கர் நடந்துவந்த தெரு விக்கிரமசிங்கபுரத்துக்கு மட்டும் உரியதன்று. ஊர்தோறும் ஒரு பிள்ளை ஏடு கையிற்கொண்டு பள்ளியினின்று திரும்பிக்கொண்டிருக்கின்றது. அதன் பொருளும் உடன் வருகின்றதா என்று வினவுதல் பெரியோர் கடன்.