கிராண்ட் ஜூரி: பணிக்காலமும் பங்கேற்பும்

அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்குக்குப் போதிய முகாந்திரம் உண்டா என ஆராயும் குடிமக்கள் குழுவே கிராண்ட் ஜூரி. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 16 முதல் 23 பேர் இதில் அமர்வர். நீதிமன்றம் முன்னரே விடுவிக்காவிடில் பணிக்காலம் 18 மாதங்கள். பொதுநலன் கருதி மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். சிறப்பு கிராண்ட் ஜூரியின் உச்சவரம்பு 36 மாதங்கள். மாநிலங்களில் கால அளவு வேறுபடும்.

அமர்வுப்படி நாளொன்றுக்கு 50 டாலர். ஜூரிப் பணிக்காக நிரந்தர ஊழியரை நீக்குவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், அந்நாள்களுக்கு ஊதியம் வழங்குமாறு முதலாளியைப் பணிப்பதில்லை. எனவே நீண்ட பணிக்காலத்தின் சுமை கூலித் தொழிலாளரையே அழுத்துகிறது.

கறுப்பினத்தவரை விலக்கி அமைத்த கிராண்ட் ஜூரியின் குற்றச்சாட்டில் பிறந்த தண்டனை செல்லாது என 1986இல் ‘வாஸ்குவெஸ் எதிர் ஹில்லரி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறத்தால் விலக்குவது சட்டவிரோதம். வறுமையால் விலக நேர்வதோ சலுகை எனப்படுகிறது.