வெட்டுப்புள்ளி சொல்லாதது: மன்னார் மாணவரும் பல்கலைக்கழக ஆயத்தமும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் ஒரு மாணவருக்குக் கிடைப்பவை சில எழுத்துகளும் சில எண்களும்தாம். மூன்று பாடங்களின் தரங்கள், நான்கு தசம தானங்களுக்குக் கணித்த ஓர் இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. இவற்றைக் கொண்டு மருத்துவ பீடம் கிடைக்குமா, பொறியியல் கிடைக்குமா என்று ஊரே கணக்குப் பார்க்கிறது. ஆனால் அந்தத் தாளில் உள்ள எதுவும் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடங்களைத் தொடர ஆயத்தமாக இருக்கிறதா என்று சொல்வதில்லை. அதற்காக அந்தத் தாள் ஆக்கப்படவும் இல்லை. அரிதான இடங்களைப் பங்கிடும் அளவுகோலையே ஆயத்தத்தின் அளவுகோலாகவும் வாசிப்பது எங்கள் கல்விமுறையின் நீண்டகாலப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் விலையை அதிகம் கொடுப்பவை மன்னார் போன்ற சிறிய மாவட்டங்கள் என்பதும், தேவையான தகவலில் பெரும்பகுதி உயர்தர விடைத்தாளிலேயே ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இசட் புள்ளியின் பொறிமுறை எளிது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கிடைப்பவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். 2001ஆம் ஆண்டளவில் இந்த முறை வந்தபோது அதற்கு நியாயமான காரணம் இருந்தது: கடினமான பாடத்தில் எடுத்த 60ஐயும் எளிதான பாடத்தில் எடுத்த 60ஐயும் ஒன்றாக எண்ணக்கூடாது. ஆனால் இதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். கற்பனைக் கணக்கொன்றை எடுப்போம். இணைந்த கணிதத்தில் ஒரு மாணவர் 62 எடுக்கிறார். அவ்வாண்டின் சராசரி 35, நியம விலகல் 18. அவருக்கு 1.5 கிடைக்கும். அதே விடைகளை அதே பிள்ளை, நியம விலகல் மாறாமல் சராசரி மட்டும் 44 ஆக இருந்த இன்னோர் ஆண்டில் எழுதியிருந்தால் கிடைப்பது 1.0 மட்டுமே. பிள்ளையின் கணிதம் மாறவில்லை, பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள்தாம் மாறினார்கள். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒரே குவியலாக்கிப் புள்ளி கணித்தபோது எழுந்த வழக்கில், 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை நிராகரித்தது. இரு வேறு கூட்டங்களை ஒன்றாக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமற் போகும் என்பது அன்று எல்லாருக்கும் விளங்கியது. ஒரே கூட்டத்துக்குள்ளும் அந்த எண் சொல்வது யார் யாருக்கு முன்னே நிற்கிறார் என்பதை மட்டுமே என்பது அவ்வளவு விளங்கவில்லை.

இது புதிய மறதியும் அல்ல. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளியும் சிங்களமொழிமூல மாணவர் 229 புள்ளியும் பெற வேண்டும் என்று வைத்ததிலிருந்து, 1974இன் மாவட்ட ஒதுக்கீடு, பின்னர் வந்த திறமை, மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்ற முப்பகுப்பு, இன்றைய 40:55:5 வரையில் நடந்த விவாதமெல்லாம் எத்தனை பேர், எந்த இனத்தவர், எந்த மாவட்டத்தவர் உள்ளே போகிறார்கள் என்பதைப் பற்றியது. தமிழர் அரசியல் நினைவில், மொழிவாரியாகப் புள்ளி வைத்த அந்தத் தரப்படுத்தல் ஆறாத காயம். அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு இழப்பாகத் தெரிந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னாருக்கும் வவுனியாவுக்கும் ஒரு வாசலாகவும் இருந்தது என்பதை எங்கள் எழுத்துகள் வசதியாகக் கடந்துபோவதுண்டு. இன்று பின்தங்கியவை என்று கொள்ளப்படும் 16 மாவட்டங்களில் மன்னார் ஒன்று. யாழ்ப்பாணமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று அளந்து பார்க்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். விகிதம் ஏறத்தாழ அரை வீதம். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் இருப்பதாகக் கொண்டால், மாவட்டப் பங்கான 550இல் மன்னாருக்கு வருவது மூன்றுக்கும் குறைவு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களைப் பதினாறும் சனத்தொகைப்படி பகிர்ந்தால் மன்னாரின் பங்கு ஒன்றைக்கூட எட்டாது. இரண்டையும் கூட்டினாலும் நான்கைத் தொடாது. அகில இலங்கைத் திறமையில் போகும் ஓரிருவரைச் சேர்த்தாலும், அந்த நெறிக்கு ஓர் ஆண்டில் மன்னாரிலிருந்து போகிறவர்களை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம். இப்படி எண்ணிக்கை சிறுத்த இடத்தில் ஒரு மாணவர் முதலாண்டில் தடுமாறி விலகினால் அது புள்ளிவிவரத்தில் எங்கும் தெரியாது. மாவட்டத்துக்கோ அது அந்த ஆண்டின் பங்கில் மூன்றிலொன்று.

மாவட்டம் என்ற அலகும் உள்ளே ஒருசீரானது அல்ல. மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் இரண்டு கல்வி வலயங்கள். நகரத்தில் சவேரியார் ஆண்கள், பெண்கள் கல்லூரிகளும் சித்திவிநாயகர் இந்துக் கல்லூரியும் உள்ளன. ரியூசன் வகுப்பும், யாழ்ப்பாணத்திலிருந்து வாரஇறுதியில் வந்துபோகும் ஆசிரியரும் எட்டக்கூடிய இடமும் நகரம்தான். முசலியில் சிலாவத்துறைக்கு அப்பாலோ, மாந்தை மேற்கின் உட்கிராமங்களிலோ விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு முதற்கேள்வி, உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலை எங்கே இருக்கிறது என்பதே. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட மன்னார்த் தீவினதும் பெருநிலக் கரையினதும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள்; 2007–2008இல் மடுவும் மாந்தையும் விடத்தல்தீவும் போர்க்களமாயின. ஊரே பெயர்ந்த இடத்தில் பாடசாலை மட்டும் பெயராமல் நிற்காது. மீளக் குடியேறிய ஒரு பாடசாலைப் பிள்ளையையும் நகரப் பாடசாலைப் பிள்ளையையும் ‘மன்னார் மாவட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கி, வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்ச இசட் புள்ளிக்கு, மேலே வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறையில் மாவட்டத்துக்குள் யார் முந்துவார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

உள்ளே போனவரின் நிலை என்ன? இங்கேதான் ஆயத்தம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னாரில் பௌதிகவியல் படித்த பிள்ளைக்குத் திணிவும் உந்தமும் ஆர்முடுகலும் தெரியும். இணைந்த கணிதத்தில் வகையீடும் தொகையீடும் தெரியும். அந்தச் சொற்களோடு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய பீடங்களுக்குப் போனால் விரிவுரை ஆங்கிலத்தில். பொது ஆங்கிலம் உயர்தரத்தில் ஒரு பாடமாக இருந்தும் இசட் புள்ளியில் சேராததால், இரண்டு ஆண்டும் அதைத் தள்ளிவைப்பது மாணவரின் பார்வையில் மிகப் புத்திசாலித்தனமான தீர்மானம். ஆக, முதலாண்டில் பின்தங்கும் ஒருவருக்குப் பாட அறிவு போதாதா, மொழி போதாதா, அல்லது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி அவருடைய பாடசாலையில் கற்பிக்கப்படவே இல்லையா என்ற மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எல்லாப் புதுமுகங்களுக்கும் ஒரே ஆங்கிலப் பயிற்சியை நடத்துவது நோய் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே குளிசை கொடுப்பது போன்றது. 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் பாடங்களை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தபோது வந்த பொதுச் சாதாரண பரீட்சைதான் ஆயத்தத்தை அளக்க எங்களிடம் இருக்கும் ஒரே முயற்சி. அதுவும் 30 புள்ளியைத் தாண்டினால் போதும் என்ற குறுக்குக் கம்பாகச் சுருங்கிவிட்டது.

இணைந்த கணித விடைத்தாளின் முதற்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒரு பெட்டி இருப்பது தெரியும்: ‘பரீட்சகர்களின் உபயோகத்திற்கு மாத்திரம்’. பகுதி ‘அ’வில் 1 முதல் 10 வரை, பகுதி ‘ஆ’வில் 11 முதல் 17 வரை, ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே புள்ளி எழுத ஒரு சிறு கட்டம். முதல் வினாத்தாள் தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒரு பிள்ளை தூய கணித வினாக்களில் நன்றாக எடுத்து, நிலையியலிலும் இயக்கவியலிலும் வெறுமையாக விட்டிருந்தால் அந்தக் கட்டங்களைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் கட்டங்கள் கூட்டப்படுகின்றன. இரு தாள்களும் சேர்ந்து ஓர் எண்ணாகின்றன. அந்த எண் ஒரு ‘சி’ ஆகவும் ஓர் இசட் புள்ளியின் மூன்றிலொரு பங்காகவும் மாறுகிறது. பெட்டியிலிருந்த விவரம் அங்கேயே நின்றுவிடுகிறது. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் நாடளாவிய வகையில் எந்த வினா எப்படி விடையளிக்கப்பட்டது என்பது இருக்கிறது. அதே தகவலைத் தெரிவான ஒவ்வொரு மாணவருக்கும், அவருடைய சம்மதத்தோடு, அவர் சேரும் பீடத்துக்கும் கொடுத்தால் ஆயத்தச் சோதனையின் பெரும்பாகம் முடிந்தது. எஞ்சுவது மொழி மட்டுமே. அதற்குப் பாட அறிவைத் தமிழிலும், அதே கருத்தை ஆங்கிலத்தில் வாசித்து விளங்குவதைத் தனியாகவும் பார்க்கும் ஒரு மணிநேரத் தாள் போதும். ஆர்முடுகலை அறிந்த பிள்ளையை, அதற்கான ஆங்கிலச் சொல் தெரியாததற்காகப் பௌதிகவியலில் பின்தங்கியவர் என்று எழுதிவிடாமலிருக்க இந்தப் பிரிப்பு அவசியம்.

இதற்கு எதிராக முதலில் வரும் மறுப்பு வலுவானது: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து பரீட்சைகளால் களைத்த பிள்ளைகளுக்கு இன்னொன்றா? அமெரிக்க அனுபவமும் இந்த மறுப்பின் பக்கம்தான் நிற்கிறது. அங்கே சமுதாயக் கல்லூரிகளில் சேர்வோரைக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சோதித்து, குறைந்தவர்களைப் பட்டத்தில் சேராத ஆயத்த வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வுகள், கணிதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் பாரதூரமாகத் தவறான இடத்தில் அமர்த்தப்பட்டனர் என்றும், பள்ளிக்கூடப் புள்ளிகளே கூடுதல் நம்பகமாக முன்னறிவித்தன என்றும் காட்டின. கலிபோர்னியா 2017இல் சட்டமியற்றிப் பள்ளிப் பெறுபேற்றையே முதன்மையாக்கியது. இந்தச் சான்றை நான் ஏற்கிறேன். அதனால்தான் இங்கே கேட்பது தனியான வாசற்பரீட்சை அல்ல. அமெரிக்கச் சோதனையின் பிழை, அது பிள்ளையை எங்கே அனுப்புவது என்று தீர்மானித்ததில் இருக்கிறது. இடம் உறுதியான பிறகு, எவரையும் பின்னே தள்ளும் அதிகாரமில்லாத ஒரு விவரத்தாளுக்கு அந்தப் பிழை பொருந்தாது. பள்ளிப் புள்ளியை மட்டும் நம்பலாமே என்று கேட்டால், இரண்டு தவணை ஆசிரியரே இல்லாத பாடத்தில் பாடசாலைத் தவணைப் புள்ளி எதை முன்னறிவிக்கும் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத்தேர்வு பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் விவாதமும் இங்கே உதவுகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. இராஜன் குழு 2021இல் அந்தத் தேர்வு அரசுப் பள்ளி மாணவருக்கும் தமிழ்வழியில் படித்தவருக்கும் எதிராகச் சாய்ந்திருப்பதை எடுத்துரைத்தது. அதற்கு முந்திய ஆண்டே மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 வீத உள்ஒதுக்கீடு வந்தது. அங்கேயும் வாசலைப் பற்றிய பேச்சு நிறைய, உள்ளே வந்தவரின் முதலாண்டைப் பற்றிய பேச்சு குறைவு.

இரண்டாவது மறுப்பு முத்திரை பற்றியது. மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று ஏற்கெனவே முணுமுணுப்பு உள்ள இடத்தில் இந்த விவரத்தாள் இன்னொரு முத்திரையாகாதா? மாவட்டம் பார்த்துக் கொடுத்தால் ஆகும். அதனால் பீடத்தில் சேரும் எல்லாருக்கும் அது இருக்க வேண்டும். கொழும்பின் பெரிய பாடசாலையிலிருந்து ரியூசனின் ஊகவினாக்களால் உயர்ந்த புள்ளி பெற்றவரின் வெற்றுக் கட்டங்களும் அப்போது தெரியும். மூன்றாவது மறுப்பைத்தான் நான் கனமானதாகக் கருதுகிறேன்: மன்னாரின் நோய் ஆசிரியர் பற்றாக்குறை, அதற்கு அளவெடுப்பு மருந்தாகுமா? ஆகாது. ஆனால் பற்றாக்குறை இன்று எப்படிக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். வலயத்தின் சித்தி வீதம் ஏறியது அல்லது இறங்கியது என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு பாடசாலையின் எல்லாப் பிள்ளைகளும் இயக்கவியல் வினாக்களைத் தொடாமல் விட்டிருந்தால் அதைப் பிள்ளைகளின் குறையாக யாரும் வாசிக்க முடியாது. அந்தத் தரவு மடு வலயப் பணிமனையின் மேசைக்குத் திரும்பி வந்தால், இடமாற்றப் பட்டியல் எழுதும்போது ‘கணித ஆசிரியர் இருக்கிறார்’ என்ற ஒற்றை வரி போதாமற் போகும்.

விவரத்தாள் காட்டும் குறைகளை நிரப்பும் வகுப்புகளுக்குக் காலமும் இடமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 தைமாசியில் நடந்து, பெறுபேறு அவ்வாண்டு செப்டெம்பரில் வந்தது. அதன் பின்னரும் பல்கலைக்கழக அழைப்புக்குக் காத்திருப்பு. இந்த மாதங்களில் மன்னார் பிள்ளைகள் கடைகளிலும் கரைவலையிலும் தற்காலிக வேலைகளிலும் நிற்கிறார்கள். சிலர் இரண்டாம் தடவைக்குப் படிக்கிறார்கள். தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக இடம் கிடைப்பதால், தொழில்நுட்பக் கல்லூரிக்கோ உயர்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கோ போகிறவர்களுக்கும் அதே விவரத்தாள் பயன்படும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, மதவாச்சி வழியே புகையிரதத்தில் எட்டும் தூரத்தில் உள்ளது. அதன் விரிவுரையாளர்கள் பெறுபேறு வந்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மன்னார் நகரில் வகுப்பெடுப்பதை நினைத்துப் பார்க்க முடியும். ஆனால் தலைமன்னாரிலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மறிச்சுக்கட்டி போன்ற முசலியின் தென்கோடிக் கிராமங்களிலிருந்து அதைவிடக் கூடுதல். வகுப்பு மாலையில் முடிந்தால் மறிச்சுக்கட்டிப் பிள்ளைக்குத் திரும்பிப்போக பஸ் இருக்குமா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் நேரசூசியை எழுத வேண்டும்.