தாவர மீன்தொட்டியில் பாசிக் கட்டுப்பாடு

நீர்ச்செடிகளை வேரூன்ற வளர்த்து அவற்றிடையே மீன்களை விடும் வீட்டுத் தொட்டியில், கண்ணாடி, இலை, கல், வடிகட்டிக் குழாய் முதலியவற்றில் படரும் பாசியை அளவுக்குள் நிறுத்தும் முறைகள் பாசிக் கட்டுப்பாடு எனப்படும். செடியோடும் நீரோடும் பாசியின் வித்துகள் எப்படியும் உள்ளே வந்துவிடுவதால் அதனை அடியோடு ஒழிக்க இயலாது. செடிகள் செழித்த தொட்டியில் அது கண்ணுக்குத் தட்டுப்படாமல் அடங்கிவிடுவதால், செடியின் வளர்ச்சி எங்கே தடைபட்டது என்று ஆராய்வதே முதல் வேலையாகும்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் தோன்றும் பழுப்புப் படலம், சிலிக்கா ஓடு கொண்ட டையாட்டம் என்னும் நுண்ணுயிர்களால் ஆனது; விரலால் தேய்த்தாலே போகும், பெரும்பாலும் தானே மறையும். இலைகளைப் போர்வைபோல் மூடி நாற்றமடிக்கும் நீலப்பச்சை வழும்பு உண்மையில் பாசியே அன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா வகை.

வளர்ப்போரை மிகவும் அலைக்கழிப்பது ‘பிபிஏ’ என்று அவர்கள் சுருக்கி வழங்கும் கருந்தாடிப் பாசியாகும். மெதுவாக வளரும் அனுபியாஸ் இலைகளின் ஓரத்திலும் வடிகட்டியின் நீர்வாயிலும் குஞ்சம் குஞ்சமாகப் பற்றிக்கொள்ளும் இது, கறுப்பாகத் தெரிந்தாலும் சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. ஒரு குஞ்சத்தை ஆல்கஹாலில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்துபோய், எஞ்சிய நிறமியால் அது சிவந்து காணப்படும். கரியமில வாயுவின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தொட்டிகளில் இது மிகுதி. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அவ்வாயு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்க, கடும் விளக்கொளியில் செடிகள் அதனை விரைவில் தீர்த்துவிடுகின்றன. உருளையிலிருந்து வாயு செலுத்துவோர் ஏறத்தாழ 30 மில்லிகிராம் அளவை இலக்காகக் கொண்டு, விளக்கெரிவதற்குச் சற்று முன்பே திறந்துவிடுவர். அளவு மீறினால் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து திணறும். வாயு செலுத்தாத தொட்டிக்கு ஒளியைக் குறைப்பதே வழி: நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், நேர் வெயில் கூடாது.

உரம் பற்றிய கருத்து காலப்போக்கில் மாறியுள்ளது. பாஸ்பேட்டைக் குறைத்தால் பாசி அடங்கும் என்று பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்னும் வளர்ப்போர் இருவரும் 1996இல் எழுதினர். பின்னர் டாம் பார் என்பவர், பாஸ்பேட்டைத் தாராளமாக இட்டும் பாசி பெருகவில்லை என்று காட்டி, சத்துகளைத் தேவைக்குச் சற்று மிகுதியாக இட்டு வாரந்தோறும் பாதி நீரை மாற்றும் முறையை வகுத்தார். செடிகளைப் பட்டினியிட்டுப் பாசியை வெல்ல முனைவது பெரும்பாலும் எதிர்விளைவையே தருவதால், பின்னதே ஏற்கத்தக்கது. ஆயினும் அம்மோனியாவுக்கு இச்சலுகை இல்லை. அதனை வெளியிடும் மிஞ்சிய தீனியும் அழுகும் இலைகளும் உடனே அகற்றப்பட வேண்டும்.

மருத்துவக் கருவிகளைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு, ‘திரவக் கார்பன்’ என்ற பெயரில் விற்கப்பட்டு, பாசிக்கொல்லியாகவும் பயன்படுகிறது. கருந்தாடியை வெளுக்கச் செய்யும் இது வாலிஸ்னேரியா போன்ற செடிகளையும் கருக்கிவிடக்கூடும்.

பாசி தின்னும் உயிர்களுள் புகழ்பெற்றது, ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) பரப்பிய அமானோ இறால். செம்பு கலந்த மீன் மருந்துகள் இதனைக் கொன்றுவிடும். கருந்தாடியையும் மேயும் சயாமியப் பாசிதின்னி மீனோ, வளர்ந்தபின் தீனி உருண்டைகளிலேயே நாட்டம் கொண்டு பாசியைப் பெரிதும் விட்டுவிடுகிறது.